நிலாப் பண்டிகைக்கும் சுதந்திர தினமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ்ச் சமையல் பக்கத்தில், ‘சீனர்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று நிலாப் பண்டிகை கொண்டாடுகிறார்கள்’ என்று போட்டிருக்கிறீர்கள். நம் சுதந்திர தினத்துக்கு இத்தனை கோடிப் பேரைத் திரட்டிக் கொடுத்ததற்கு நன்றி. அது சந்திரனை வைத்துப் போடும் சீனச் சாந்திரமானக் கணக்கில் எட்டாம் மாதத்தின் 15ஆம் நாள். 2024இல் செப்டம்பர் 17. அதிக மாதம், அதாவது கூடுதலாகச் சேர்க்கும் மாதம், விழுந்த 2025இல் அக்டோபர் 6. ஆகஸ்டில் அது வரவே வராது. வருஷா வருஷம் பஞ்சாங்க இணைப்பு கொடுக்கும் உங்களுக்கு அதிக மாதம் என்றால் என்னவென்று நான் சொல்லவா வேண்டும்?

தேதி மட்டுமென்றால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பு ஒரு முறை, முதல் மாதத்து விளக்குத் திருவிழாப் படத்தை இதற்குப் போட்டீர்கள். இன்னொரு முறை, மங்கோலியரை விரட்ட, இந்தப் பண்டிகைப் பலகாரமான நிலாக் கேக்குக்குள் சீட்டு வைத்தனுப்பிய கதையை வரலாறு என்றே எழுதினீர்கள். அது ஜனங்கள் சொல்லும் கதை, ஆதாரம் கிடையாது. பேரரசர்கள் நிலவுக்குப் பூஜை செய்ய 1530இல் பெய்ஜிங்கில் எழுப்பிய நிலாக் கோயில் இருந்த இடம் இன்றைக்கும் பூங்காவாக இருக்கிறது. அதற்கு உங்களிடம் ஒரு வரி இல்லை.

நிலாக் கேக் செய்முறையோ அதைவிட மோசம். சாதாரணச் சர்க்கரைப் பாகாம், பேக்கிங் பவுடராம், ‘சுடச்சுடப் பரிமாறவும்’ வேறு! பவுடர் போட்டால் மாவு உப்பி, அச்சில் விழுந்த பூ வேலை அழிந்துபோகும். தென்சீனத்துக் கான்டன் வகைக்கு 100 கிராம் மைதா, 70 கிராம் பாகு, 25 கிராம் கடலை எண்ணெய், 2 கிராம் காரநீர் (சமையலுக்கான காரக் கரைசல், lye water). பாகை எலுமிச்சைச் சாறு விட்டு மெல்லக் காய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை பூத்து மேல்தோல் கட்டியாகிவிடும். காரநீர் குறைந்தால் நிறம் ஏறாது, கூடினால் கருத்துக் கசக்கும். 100 கிராம் அச்சுக்கு மாவு 30, பூரணம் 70. உப்பில் ஊறிய வாத்து முட்டை மஞ்சள் கருவும் அந்த எழுபதுக்குள் அடக்கம். பூரணத்துக்கான தாமரை விதை விழுதில் ஈரம் மிஞ்சினால் தோல் வெடிக்கும். 200 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்துப் பூ வேலை இறுகிய பிறகே முட்டை தடவலாம். அதுவும் மேடுகளில் மட்டும், பட்டும் படாமலும். அப்பிவிட்டால் பள்ளமெல்லாம் தூர்ந்துவிடும். பிறகு 180இல் சுமார் பதினைந்து நிமிடம்.

அடுப்பிலிருந்து எடுத்ததும் தின்றால் பிஸ்கட் மாதிரி மொறமொறவென்றுதான் இருக்கும். ஆறவைத்து, டப்பாவில் மூடி இரண்டு நாள் விட்டால் பூரணத்து எண்ணெய் தோலுக்கு ஏறி, தோல் மினுமினுத்து மெத்தென்று ஆகும். இதற்காகவே முன்கூட்டிச் செய்து வைக்கிறார்கள். ‘சுடச்சுட’வாம்!

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: தேதிக்கு ஒன்று, பேக்கிங் பவுடருக்கு ஒன்று.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்