லேப்பில் ஒரே ஒரு பைத்தான் போதாது: நெல்லை, தென்காசி கல்லூரிகளின் கணினித் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி பக்கத்துக் கல்லூரிகளில் கணினித் துறையை நடத்துகிற ஹெச்.ஓ.டி.களுக்கும், லேப் பொறுப்பில் இருக்கிற சார், மேடம் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் இருந்தபடி சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். லீவு நாட்களில் பேட்டை, மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் ஓடவில்லை என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் புரோகிராமில் தப்பே இருக்காது. "அண்ணே, வீட்ல ஓடிச்சு, லேப்ல ஓட மாட்டேங்கு" என்பதுதான் பிரச்சினை. ரிவ்யூ அன்றைக்கு எக்ஸ்டர்னல் முன்னால் நின்று இதையே சொல்லி மார்க்கை விட்டவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் கோரிக்கை இதுதான். லேப் முழுக்க பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியின் ஒரே வெர்ஷனைப் போட்டு, எல்லா லைப்ரரியையும் (மற்றவர்கள் எழுதிவைத்த தயார்க் கோடை) அதற்குள்ளேயே கொட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ப்ராஜெக்ட்டுக்கு ஒரு தனிச் சூழல், அதாவது அதற்கு வேண்டிய லைப்ரரிகள் மட்டும் இருக்கிற தனி இடம், என்பதை முதல் லேப் வகுப்பிலேயே சொல்லிக் கொடுங்கள்.

ஏன் என்றால், வெர்ஷன் மாறும்போது நிஜமாகவே சில விஷயங்கள் உடைகின்றன. டென்சர்ஃப்ளோ என்ற மெஷின் லேர்னிங் லைப்ரரியின் 1.15-ஐ வைத்து எழுதிய ஒரு பழைய ப்ராஜெக்ட்டை சீனியரிடமிருந்து வாங்கி வருகிறான் ஒரு பையன். அந்த 1.15 பைத்தான் 3.7 வரைக்கும்தான் ஓடும். லேப்பில் 3.10 இருந்தால், பொருத்தமான வெர்ஷன் கிடைக்கவில்லை என்று, லைப்ரரிகளை இறக்கிப் போடுகிற பிப் சொல்லிவிடும், அவனோ நெட் சரியில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பான். 3.12-இல், இன்ஸ்டால் வேலைக்கு உதவிய டிஸ்ட்யூட்டில்ஸை அடியோடு எடுத்துவிட்டார்கள், அதை நம்பியிருந்த பழைய பேக்கேஜ்கள் (இன்ஸ்டால் பண்ணக் கட்டிவைத்த லைப்ரரிகள்) சில இன்ஸ்டால் ஆகும்போதே நின்றுவிடும். மறுபக்கம், லேப்பில் இன்னும் விண்டோஸ் 7 சிஸ்டங்கள் ஓடுகின்றன என்றால் அவற்றில் 3.8-க்கு மேல் ஏறாது. புதுப் புத்தகத்தைப் பார்த்து மேட்ச் கட்டளையை எழுதுகிற பிள்ளைக்கு அங்கே சின்டாக்ஸ் எரர்தான் வரும், மேட்ச் 3.10-இல்தான் வந்தது. இதில் எதுவும் அந்தப் பிள்ளையின் தப்பில்லை.

லினக்ஸ் லேப் என்றால் ஆபத்து இன்னும் பெரிது. உபுண்டுவில் (லினக்ஸ் வகைகளில் ஒன்று) இருக்கிற பைத்தான் உபுண்டுவின் சொந்த வேலைக்கானது. புது வெர்ஷன் வேண்டும் என்று யாராவது பைத்தான்3 லிங்க்கை வேறு பக்கம் திருப்பிவிட்டால் டெர்மினலே திறக்காமல் போகலாம், சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணுகிற ஆப்ட் சம்பந்தப்பட்ட கருவிகளும் படுத்துவிடும். அதனால்தான் உபுண்டு 24.04-இல் தனிச் சூழலுக்கு வெளியே நின்று நேரடியாக பிப் போட்டால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிற சூழல் என்று சொல்லி மறுத்துவிடுகிறது. பிள்ளைகள் நெட்டில் தேடி 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷனைச் சேர்த்து அடிக்கிறார்கள். சிஸ்டத்தை உடைக்கும் என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, ஆனாலும் வேறு வழி யாரும் காட்டவில்லையே.

வழி பைத்தானுக்குள்ளேயே இருக்கிறது. 3.3-இலிருந்து, தனிச் சூழல் உருவாக்கித் தருகிற வீ-என்வ் கூடவே வருகிறது (உபுண்டுவில் மட்டும் அதற்கான பேக்கேஜைத் தனியாகப் போட வேண்டியிருக்கும்). தாமிரபரணிக் கால்வாய் ஒன்றுதான், வயலுக்கு வயல் மடை தனி இல்லையா, அதே மாதிரி அடியில் பைத்தான் ஒன்று, ப்ராஜெக்ட்டுக்கு ப்ராஜெக்ட் லைப்ரரி தனி. ஆனால் இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. வீ-என்வ் புது வெர்ஷனைக் கொண்டுவராது. 3.11-ஐ வைத்து உருவாக்கினால் உள்ளேயும் 3.11-தான். 3.7 வேண்டுமென்றால் முதலில் 3.7 அந்தச் சிஸ்டத்தில் இருக்க வேண்டும். லினக்ஸில் பல வெர்ஷன்களைப் போட்டு மாற்றிக்கொள்ள பைஎன்வ் என்ற கருவி இருக்கிறது, ஃபோல்டருக்குள் ஒரு சின்ன ஃபைலில் வெர்ஷன் எண்ணை எழுதிவைத்தால் அங்கே போனதும் அந்த வெர்ஷனையே எடுக்கும். ஆனால் அது சோர்ஸிலிருந்து கம்பைல் பண்ணுகிறது, பழைய லேப் சிஸ்டத்தில் நேரம் பிடிக்கும். 2024-இல் வந்த யூவி என்ற கருவி தயாராகக் கட்டிய பைத்தானையே இறக்கிக்கொள்கிறது, விண்டோஸிலும் ஓடும், அட்மின் பாஸ்வேர்டும் கேட்காது. லேப்புக்கு நான் அதைத்தான் சொல்வேன். அதுவும் வேண்டாமா, சரி, விண்டோஸில் இரண்டு மூன்று பைத்தானைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு பைத்தானைத் தொடங்கிவைக்கிற பை லாஞ்சரில் வெர்ஷன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாலே போதும்.

அப்புறம் பென் டிரைவ் விஷயம். வீட்டில் உருவாக்கிய வீ-என்வ் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிக்கொண்டு வருகிறார்கள். அது ஓடாது. எந்தப் பைத்தான், எந்த டிரைவ், எந்தப் பாதை என்பதெல்லாம் அதற்குள் முழுசாக எழுதப்பட்டிருக்கும், வேறு சிஸ்டத்தில் அந்தப் பாதையே இருக்காது. கொண்டுவர வேண்டியது புரோகிராமும் ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலும் (எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் என்ற லிஸ்ட்) மட்டும்தான், சூழலை லேப்பில் புதுசாகக் கட்டிக்கொள்ளலாம். ரெக்கார்டு நோட்டில் எத்தனையோ எழுதச் சொல்கிறீர்கள், முதல் பக்கத்தில் பைத்தான் வெர்ஷனையும் இந்த லிஸ்ட்டையும் எழுதச் சொல்லுங்கள்.

லேப்பில் நெட் கிடையாது, இருந்தாலும் ஆமை வேகம் என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும், நியாயமான சிரமம்தான். ஒரு சிஸ்டத்தில் பிப் டவுன்லோட் போட்டு வேண்டிய பேக்கேஜ்களை ஒரு ஃபோல்டரில் இறக்கி, லேப் சர்வரில் ஷேர் பண்ணிவிடுங்கள். மற்ற சிஸ்டங்கள் இன்டர்நெட்டே இல்லாமல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இறக்குகிற சிஸ்டத்திலும் போடுகிற சிஸ்டத்திலும் ஓ.எஸ்.ஸும் பைத்தான் வெர்ஷனும் ஒன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் கவனம். ரீஸ்டார்ட் ஆனதும் சிஸ்டத்தைப் பழைய நிலைக்கே கொண்டுவருகிற டீப் ஃப்ரீஸ் சாஃப்ட்வேர் போட்டிருந்தால் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டை ரீஸ்டார்ட்டில் அழியாத டிரைவில் வையுங்கள்.

பைத்தான் மட்டும் இல்லை. ஜாவா 17-இல் சாதாரணமாகக் கம்பைல் பண்ணியது ஜாவா 8-இல் ஓடாது, ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுகிற நோடுக்கு வெர்ஷன் மாற்ற என்விஎம் இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

பழைய வெர்ஷனைக் கொடுத்தால் பாதுகாப்பு என்னாவது என்று ஒரு மேடம் என்னிடம் கேட்டார்கள். சரியான கேள்வி. 3.7-க்கு 2023-இலிருந்தே பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை, எனவே வெளியுலகம் தொடுகிற சர்வரில் அது வேண்டவே வேண்டாம். ஆனால் லேப்புக்குள் ஒரு பழைய ப்ராஜெக்ட்டை ஓட்டிப் படிக்க, தனிச் சூழலுக்குள் அடைத்து வைத்த 3.7 எவ்வளவோ மேல். இல்லையென்றால் அந்த ஒரு ப்ராஜெக்ட்டுக்காக மொத்த லேப்பையும் பழைய வெர்ஷனுக்கு இறக்க வேண்டிவரும்.

அடுத்த பருவத்துக்கு மாஸ்டர் இமேஜ் (எல்லா லேப் சிஸ்டங்களிலும் ஏற்றுகிற மூலப் பிரதி) எடுக்கும் முன் யூவி, 3.7, 3.10, 3.12, கூடவே பேக்கேஜ் ஃபோல்டரையும் அதில் சேர்த்துவிடுங்கள். லேப் அசிஸ்டென்ட் தம்பிகளுக்குப் பழக்கமில்லை என்றால் ஒரு சனிக்கிழமை கூப்பிடுங்கள், எந்தக் கல்லூரி என்றாலும் வந்து அவர்களோடு உட்கார்ந்து ஒரு சிஸ்டத்தில் செய்து காட்டிவிட்டுப் போகிறேன், காசு எதுவும் வேண்டாம்.