ஏழு பேர்ச் காணியும் உறுதியும்

ஆசிரியருக்கு,

இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளரின் காணி உரிமை குறித்த பேச்சு, தேர்தல் நெருங்கினால் மட்டும் எழுகிறது. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. வயலுக்கு 25 ஏக்கர். 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. தேயிலையை நட்டு வளர்த்தவர்களுக்கு மட்டும் ஒரு துண்டு நிலமும் வரவில்லை. தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த டெவன் தோட்டப் போராட்டத்தில், 1977 மே மாதம் பொலிஸ் சுட்டு சிவனு லெட்சுமணன் உயிர்விட்டார்.

1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனது. அவற்றுக்கு நீண்டகாலக் குத்தகை கிடைத்தது, தொழிலாளிக்கோ அதே லயம்தான், வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய தோட்டக் குடியிருப்பு. அப்புறம் வீட்டுக்கு 7 பேர்ச் காணி தருவோம் என்றார்கள் ஆட்சியாளர்கள், பிறகு 10 பேர்ச் என்றார்கள். 160 பேர்ச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர்!

சரி, அந்த 7 பேர்ச்சையாவது முழு உறுதியோடு, அதாவது காணி உரிமைப் பத்திரத்தோடு, கொடுங்கள். உறுதி இல்லாத வீட்டை எந்த வங்கியும் பிணையாக ஏற்காது. பிள்ளையின் படிப்புக்கோ சிறு கடை போடவோ கடன் கேட்க வழியில்லை. தோட்ட வேலையை விட்டால் லயத்தையும் விட வேண்டுமோ என்ற பயம், கூலியைப் பேரம் பேசும் தைரியத்தையே பறித்துவிடுகிறது.

கைவிடப்பட்ட தேயிலைக் காணிகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்கே பிரித்துக் கொடுத்து, அவர்களைச் சிறு தோட்ட உடைமையாளர்கள் ஆக்கலாம். இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கைச் சிறு தோட்டங்களே தருகின்றன. உறுதிப் பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இப்படிக்கு,
மலையக வாசகர் ஒருவர்