ரீல்ல இருக்குற வயர முழுசா பிரிச்சுட்டு ஓட்டு தம்பி

தம்பிக்கு ஆத்தா எழுதுறது. இங்க நானும் அப்பச்சியும் நல்லா இருக்கோம்.

நேத்து வாட்சப்ல நீ அனுப்புன போட்டோ பாத்தேன், மொட்டை மாடியில புள்ளைகளுக்கு தோசை ஊத்திக்கிட்டு இருக்க, ரெண்டும் தட்ட ஏந்திக்கிட்டு நிக்கிதுக, அம்புட்டு சந்தோசமா இருந்துச்சு. ஆனா உன் காலுக்குப் பின்னாடி அந்த மஞ்ச ரீல் பாக்ஸ், எக்ஸ்டென்சன் வயர் சுத்துனது, கெடக்கே, அத பெருசு பண்ணி பாத்ததுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. நாலஞ்சு கெஜம் வயர்தான் வெளிய வந்துருக்கு, மிச்சம் பூராம் சுத்துன வாக்குல அப்படியே இருக்கு, அதுல இண்டக்சன் அடுப்பு ஓடுது. போன்ல சொன்னா சரி ஆத்தா சரி ஆத்தான்னு வச்சுருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், கடைசி வரைக்கும் படி.

இத்தன வருசம் புள்ளைகளுக்கு ஓம் விதி நடத்துனவ நான், கணக்கு போட்டே சொல்றேன். இண்டக்சன் அடுப்பு 2000 வாட்னு வையி, நம்ம கரண்ட் 230 வோல்ட், அப்ப 8.7 ஆம்பியர் இழுக்கும். உன் ரீல் 30 மீட்டர், போக வர 60 மீட்டர் செம்புக் கம்பி. கம்பியோட கனம், அதான் குறுக்கு வெட்டுப் பரப்பு, 1.5 ஸ்கொயர் எம்எம்மா இருந்தா அதோட ரெசிஸ்டன்ஸ் சுமாரா 0.8 ஓம். ஆம்பியர அதே ஆம்பியரால பெருக்கி ரெசிஸ்டன்ஸாலயும் பெருக்கு, 60 வாட் வரும். அம்புட்டும் சூடு. வயரு தரையில நீட்டி கெடந்தா அந்த 60 வாட்டு 30 மீட்டருக்கும் பரவி காத்துல போயிரும், தொட்டா மிஞ்சிப்போனா லேசா வெதுவெதுன்னு இருக்கும். ரீல்ல அடுக்கடுக்கா சுத்தி கெடந்தா சூடு போக வழியே இல்ல, குண்டு பல்ப எரியவிட்டு கம்பளியில சுத்தி வச்ச மாதிரிதான். வயர் மேல இருக்குற சாதா பிவிசி பிளாஸ்டிக் தோல் 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும், அதுக்கு மேல போனா எளகிரும். 1 ஸ்கொயர் எம்எம் வயர்னா இன்னும் மோசம், 90 வாட் கிட்ட வரும்.

இதுல எனக்கு ரொம்ப பயம் எதுன்னா, எம்சிபி, அதான் கரண்ட் அளவுக்கு மேல போனா மெயின் போர்டுல தானா விழுற சுவிட்ச், அது விழாது. அது 16 ஆம்பியர்ல இருக்கும், நீ இழுக்குறது 8.7 தான, அதுக்கு எல்லாம் சரியா இருக்குற மாதிரிதான் படும். உள்ளுக்குள்ள வயரு வெந்துக்கிட்டு இருக்கும், மெயின் போர்டு சும்மா இருக்கும். நல்ல ரீல்ல ஒரு சின்ன செவப்பு பட்டன் இருக்கும், சூடு ஏறுனா அதுவே கட் ஆகும். அப்படி கட் ஆனா ஒடனே அமுக்கி விட்டு ஓட்டக்கூடாது, பிளக்க பிடுங்கி, ஆறவிட்டு, வயரு பூராத்தையும் பிரிச்சுட்டு அப்பறம் போடு. ரீல் மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர படிச்சு பாரு, நெறைய ரீல்ல ரெண்டு கணக்கு போட்டுருப்பாங்க, சுத்துன வாக்குல இவ்வளவு வாட், முழுசா பிரிச்சா இவ்வளவு வாட்னு. ரெண்டுக்கும் ரெண்டு மடங்கு மூணு மடங்கு வித்தியாசம் இருக்கும்.

இங்க நம்ம ஊருல ஒரு வீட்டு அறுபதாங் கல்யாணத்துல நானே கண்ணால பாத்தேன். பின்கட்டுல சமையல், பிளக் பாயிண்ட் இருக்குறது முன்பக்கம் பட்டாலைக்கிட்ட, ரீல் போட்டு காப்பித் தண்ணிக்கு பாய்லர் ஓட்டுனாக. காலையிலேருந்து ஓடுது, மத்தியானம் பக்கத்துல ஒரு கருகல் வாடை, கறி தாளிக்கிற வாடையில யாருக்கும் வெளங்கல. ஒரு பையன் ரீல தூக்கப் போயி கைய ஒதறிட்டான், அம்புட்டு சூடு. அப்பறம் பிளக்க பிடுங்கி வயர பிரிச்சு பாத்தா மேல் சுத்து ரெண்டும் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு, மூணாஞ் சுத்துலேருந்து வயரும் வயரும் ஒட்டிக்கிட்டு பிரிய மாட்டேங்குது, இழுத்தா தோல் உரிஞ்சு உள்ள இருக்குற பிரவுன் கம்பியும் நீலக் கம்பியும் தெரியுது, ஒரு எடத்துல செம்பே தெரிஞ்சுச்சு. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது தம்பி, அதத்தான் நீ மனசுல வச்சுக்கணும்.

நம்ம வீட்டுக்கு ரீல் இல்லாம முடியாதுங்குறது எனக்கும் தெரியும். முகப்புலேருந்து பின்கட்டு வரைக்கும் இந்த தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியிற வீடு, கரண்ட் வர்றதுக்கு முன்னால கட்டுனது, செவுரு மொத்த மொத்தமா இருக்கும், அந்த முட்டை வெள்ளைப் பூச்சுல உளி வச்சு பைப்பு பதிக்க உங்க அய்யாவுக்கும் மனசு வரல, அப்பச்சிக்கும் மனசு வரல. அதனால வளவுக்கு, அதான் முத்தத்த சுத்தி இருக்குற கட்டுக்கு, ரெண்டு பிளக்கு, அவ்வளவுதான். முன்னோருக்கு படைக்கிற படைப்புக்கு பங்காளிக எல்லாரும் வந்து எறங்குனா கிரைண்டர் ஒரு பக்கம், மிக்சி ஒரு பக்கம், சீரியல் பல்பு ஒரு பக்கம், ரீல்தான் ஓடுது. ஓடட்டும், ஆனா முழுசா பிரிச்சு ஓடட்டும். வேணுங்கிற தூரம் போக மிச்ச வயர ஒரே குவியலா போடாம செவுத்து ஓரமா பெருசு பெருசா வளைச்சு விடுவேன். நடையில குறுக்க போடவே மாட்டேன். ஜமுக்காளத்துக்கு அடியில கொண்டுபோறது, கதவுக்கு இடையில நசுக்குறது ரெண்டும் ஆகாது, இந்த தேக்கு கதவு என்ன கனம்னு உனக்கே தெரியும், ஒரு தடவ சாத்துனா வயர்ல பள்ளம் விழுந்துரும். முத்தத்துல ஐப்பசி கார்த்திகை மழை நேரா வந்து விழும், தரையில பதிச்ச ஆத்தங்குடி கல்லு ஈரமா இருக்கும், வீட்டுக்குள்ள நாம எல்லாம் வெறுங்காலு. அந்தப் பக்கம் ரீல் போக ஒத்துக்கவே மாட்டேன், சுத்துக்கட்டோட போகட்டும், வயரு பத்தலைன்னா அந்த வேலை அங்க நடக்க வேணாம். ஒரு ரீல்ல இன்னொரு ஜங்சன் பாக்ஸ சொருகி நீட்டுறதும் இங்க கெடையாது.

எர்த்து பத்தியும் சொல்லணும். நம்ம வீட்டு பழைய மரச்சட்ட வயரிங்ல ரெண்டு பின்னு சாக்கெட்தான், எர்த்தே இல்ல. மூணு பின்னு ரீல அதுல எப்படியாவது சொருகிப்புட்டா மூணாவது பின்னு சும்மா நிக்கிது, கிரைண்டர் பாடியில கரண்ட் எறங்குனா அதுக்கு போக எடம் இல்ல, தொடுறவக மேலதான் போகும். அதனாலதான் போன வருசம் அப்பச்சிய விடாம சொல்லி புது லைன் இழுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா ஒடனே கட் பண்ற சுவிட்ச், போட வச்சேன். உன் வீட்டுல அது இருக்கா? இருந்தா அதுல டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும், மாசம் ஒருக்கா அமுக்கி பாரு, விழணும். விழலைன்னா எலக்ட்ரீசியன கூப்புடு.

சுத்தி வைக்கிறது உனக்கு சின்ன விசயமா தெரியும். பிளக்க மொதல்ல பிடுங்கு, வயரு ஆறட்டும், தரையில நேரா இழுத்து போடு, காஞ்ச துணிய வயர் மேல லேசா பிடிச்சுக்கிட்டு மறு கையால ரீல சுத்து. துணி தூசிய எடுக்கும், வெட்டோ எலிக்கடியோ இருந்தா விரலுக்கு சொரசொரன்னு தட்டும், கண்ணுக்கு தப்புறது கைக்கு தப்பாது. முழங்கையில சுத்துற பழக்கம் உனக்கு உண்டு, அத விடு, சுத்துக்கு ஒரு முறுக்கு ஏறி உள்ள கம்பி ஒண்ணொண்ணா முறியும். இறுக்கிப் பிடிச்சும் சுத்தாத. இங்க நான் உள்வீட்டுல ஆணியில மாட்டி வைக்கிறேன், தரையில வச்சா எலி விடாது. நீ மொட்டை மாடியிலயே விட்டு வச்சுருக்கன்னு போட்டோவ பாத்தாலே தெரியுது, வெயில்ல பிவிசி வெறச்சு வெடிச்சுரும், அப்பறம் ஒரு மழை போதும். கீழ கொண்டாந்து மாட்டு. வெட்டு தெரிஞ்சா இன்சுலேசன் டேப் சுத்தி ஓட்டலாம்னு நெனைக்காத, அந்த வயரு அதோட போச்சு.

அடுத்த தடவ வாங்கறப்ப மூணு கோர், அதான் உள்ள மூணு கம்பி இருக்குறது, 1.5 ஸ்கொயர் எம்எம், ஐஎஸ்ஐ முத்திரை பாத்து வாங்கு, ஹீட்டருக்கும் இண்டக்சனுக்கும்னா 16 ஆம்பியர் பெரிய பிளக்கு வேணும். காரைக்குடி செக்காலை ரோட்டுல நான் வாங்கறப்ப கடக்காரர் மெலிசு வயர்தான் மொதல்ல எடுத்து போட்டாரு, விலை கம்மின்னாரு, நான் வயர் மேல அச்சடிச்சத படிச்சுட்டு திருப்பி குடுத்துட்டேன். மாடியில அடிக்கடி சமைக்கிறதா இருந்தா அங்கயே தனியா ஒரு பவர் பிளக்கு, மழை படாத மூடியோட, போடச் சொல்லு. அதுக்கு ஆகுற காச நான் அனுப்புறேன்.

மருமகளுக்கும் இத படிச்சு காட்டு, நீ ஆபீஸ் போனப்பறம் ரீல எடுக்குறது அவதான். இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ரீல் பூராத்தையும் பிரிச்சு உள் சுத்து எப்படி இருக்குன்னு பாரு, வயர் மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சு எனக்கு அனுப்பு. அது வர்ற வரைக்கும் அதுல இண்டக்சன் போட வேணாம், புள்ளைகளுக்கு தோசைய கீழ கேஸ்லயே ஊத்திக் குடு.

ஆத்தா