கந்தகம்-34 குப்பியைத் திறக்கும் முன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

நிலக்கடலைத் தொட்டிகளுக்கான கந்தகம்-34 (கந்தகத்தின் எடை கூடிய ஐசோடோப்பு, அதாவது அதே தனிமத்தின் வேறு எடையுள்ள அணுவகை) வந்துவிட்டது, மாணவர்கள்தான் தொடத் தயங்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்கள் மனதில் இருப்பது கந்தகம்-35. பீட்டாக் கதிர் விடுவதும் 87 நாளில் பாதியாவதும் அதுதான். 34 சிதைவதே இல்லை. நாம் தின்கிற வெங்காயத்தில் உள்ள கந்தகத்திலும் நூற்றுக்கு நாலேகால் பங்கு அதுதானே! கதிர்வீச்சுப் பதிவேடெல்லாம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது உன் மற்ற மாதிரிகளுக்காக. 99 சதவீதச் செறிவுள்ள பொடியில் 1 மைக்ரோகிராம் என்பது தலைமுடித் தடிமனுக்கு ஒரு துகள். 1 மில்லிகிராம் சாதாரணக் கந்தகம் உள்ள மாதிரியில் அது விழுந்தால் டெல்டா மதிப்பு (தரக் கந்தகத்தைவிட 34 எவ்வளவு கூடுதல் என்ற அளவு) சுமார் 22 பெர்மில், அதாவது ஆயிரத்துக்கு 22, ஏறிவிடும். கடல்நீர் சல்பேட்டின் மதிப்பே 21தான். கிணற்றுத் தண்ணீர் கடல்நீராகத் தெரியும்! ஆகவே தராசு, ஸ்பாச்சுலா, கோட்டு எல்லாம் இதற்கென்று தனியாக, முடிந்தால் தனி அறையில் இருக்கட்டும். ஐசோடோப்புகளை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இயற்கை மாதிரிகள் முதலில், 34 செறிவூட்டியவை கடைசியில். அதன்பின் பிளாங்க் (மாதிரி இல்லாமல் ஓட்டும் வெற்று அளவீடு) பழைய அளவுக்கு இறங்கும்வரை வேறெதையும் ஏற்றாதே.

எடைபோடும்போது பிளாஸ்டிக் படகு (பொடியை வைத்து எடைபோடும் சிறு தட்டு) வேண்டாம், நிலைமின்னேற்றத்தில் பொடி பறக்கும். கண்ணாடியில் எடு. ஈரம் போக்க 105 டிகிரி ஓவனில் வைத்துவிடாதீர்கள். கந்தகம் ஆவியாகி எடையும் குறையும், ஓவனும் கெடும். சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டர் (ஈரம் உறிஞ்சும் மூடிய பாத்திரம்) போதும்.

சல்பேட்டாக்கும் இடத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நைட்ரிக் அமிலத்தை நேரே ஊற்றிச் சூடாக்கினால் கந்தகம் 115 டிகிரியை ஒட்டி உருகி மணிமணியாகத் திரளும். உள்ளே இருப்பது அப்படியே தங்கிவிடும். 10 மில்லிகிராமுக்கு 0.2 மில்லி புரோமின் விட்டு, ஃபியூம் ஹூட்டுக்குள் (புகையை வெளியே இழுக்கும் அடைப்பு) குளிர்ச்சியாகவே மூடிவை. தேவை 0.05 மில்லிகூட இல்லை, மிச்சம் பாதுகாப்புக்கு. கரைந்தபின் நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பிறகு தண்ணீர், கடைசியில் வாட்டர் பாத்தில் ஆவியாக்கு. ஹாட் பிளேட்டில் வைத்து அடர்ந்த வெண்புகை கிளம்பினால் போவது உன் கந்தக அமிலம்தான். பொட்டாசியம் நைட்ரேட்டோடு உரலில் அரைக்கலாமா என்று யாராவது கேட்டால் கண்டிப்பாகத் தடு. அது வெடிமருந்துச் சேர்க்கை.

புரோமின் சிந்தினால் அதை முறிக்க எல்லோரும் தயோசல்பேட்டைத் தேடுவார்கள். அதிலும் கந்தகம்! இந்த ஹூட்டுக்குள் அஸ்கார்பிக் அமிலக் கரைசல் வைத்துக்கொள். ரப்பர் மூடியும் கந்தகம் போட்டு வல்கனைஸ் செய்ததுதான், டெஃப்லான் மூடி வாங்கு. கைக்குத் தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. தோலில் பட்டால் மட்டும் எதையும் யோசிக்காமல் தண்ணீரில் நிறையக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கிடைத்த சல்பேட்டின் அளவைப் பேரியம் சல்பேட்டாக வீழ்த்திச் சரிபார்க்கும்போது ஒரு கணக்குத் தகராறு வரும். புத்தகத்தில் உள்ள 32.06 அணு எடையைப் போட்டால் 10 மில்லிகிராமுக்கு 72.8 மில்லிகிராம் வீழ்படிவை எதிர்பார்ப்பாய். வருவது 69.3. எதுவும் நஷ்டமாகவில்லை; இதன் அணு எடை 33.97 என்பதுதான் காரணம். உர அளவையும் மோலில் (அணுக்களின் எண்ணிக்கைக் கணக்கில்) போடு, கிராமில் போட்டால் செடிக்குக் கந்தகம் ஆறு சதவீதம் குறையும். பேரியம் சல்பேட் கரையாது, ஆபத்தில்லை. ஆனால் பேரியம் குளோரைடு விஷம். பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழைய வழக்கம் உன் லேபில் இன்னும் இருந்தால் இன்றே நிறுத்து.

தீயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நூறு மில்லிகிராமில் பெரிதாக எதுவும் ஆகாது. ஆனால் பகல் வெளிச்சத்தில் நீலச் சுடர் சரியாகத் தெரியாது, மூக்கைத் துளைக்கும் சல்ஃபர் டை ஆக்சைடு வந்தபிறகுதான் தெரியும். பக்கத்தில் பர்னர் வேண்டாம்.

மீதியைக் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடிவை, காலாவதித் தேதி கிடையாது. சான்றிதழில் ஐசோடோப்புச் செறிவு ஒரு வரியிலும் வேதித் தூய்மை இன்னொரு வரியிலும் இருக்கும். இரண்டையும் எழுதி அனுப்பு; தொட்டிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
பாஸ்கர்