பதினொன்றாய் வந்த பத்துக் கட்டளை

பாளையங்கோட்டை
செப்டம்பர் 2025

அன்பு மகளுக்கு,

ஸ்தோத்திரம். அமெரிக்காவில், உங்கள் டெக்சஸ் சபையில் பணம் சேர்த்துப் பள்ளிக்கூடங்களுக்கு வேதாகமத்தின் பத்துக் கட்டளைப் படம் வாங்கிக் கொடுக்கிறார்கள், நாங்களும் கொடுக்கட்டுமா என்று போனில் கேட்டாய். "தாராளமா கொடுக்கச் சொல்லு" என்றார் அப்பா. நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்தேன். எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பறைகளில் அந்தப் படத்தை மாட்டச் சொல்லும் டெக்சஸ் சட்டத்தை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார், அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் வாசித்தேன். படம் குறைந்தது 16 அங்குல அகலம், 20 அங்குல உயரம் இருக்க வேண்டும். வகுப்பறையில் எந்த மூலையில் இருந்தாலும் எழுத்து தெரிய வேண்டும். யாராவது இனாமாகக் கொடுத்தால் பள்ளி மாட்டியே தீர வேண்டும். என்ன வாசகம் என்பதையும் டெக்சஸ் சட்டசபையே எழுதிக் கொடுத்துவிட்டது. ஆஸ்டினில் சட்டசபை வளாகத்தில் 1961 முதல் நிற்கிற கல்லில் உள்ள அதே வாசகம்.

எண்ணிப் பார்த்தேன். கட்டளை பதினொன்று வருகிறது! விரல் விட்டு மறுபடி எண்ணினேன், பதினொன்றுதான்.

நான் பொறையாரில் லுத்தரன் சபை வீட்டில் பிறந்தவள், உன் அப்பா சி.எஸ்.ஐ. சபை. கல்யாணமான புதிதில் வீட்டு ஜெபத்தில் "ஆறாம் கற்பனை", அதாவது ஆறாம் கட்டளை, என்று நான் விபசாரத்தைச் சொல்ல, உன் ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஆறாவது கொலை. விக்கிரகம் செய்யாதே என்ற கட்டளையை லுத்தரன்களான நாங்கள் முதலாவதோடு சேர்த்துவிடுவோம், கத்தோலிக்கரும் அப்படித்தான். கடைசியில் இச்சியாதே, அதாவது பிறருடையதற்கு ஆசைப்படாதே, என்பதை இரண்டாகப் பிரித்துப் பத்தாக்குவோம். சி.எஸ்.ஐ.காரர்கள் விக்கிரகத்தைத் தனியாக எண்ணி, இச்சையை ஒன்றாக வைப்பார்கள். டெக்சஸ் வாசகம் விக்கிரகத்தையும் தனியாக வைத்து, இச்சையையும் இரண்டாகப் பிரித்திருக்கிறது. எல்லாரையும் திருப்திப்படுத்தப் போனால் இப்படித்தான். யூதர்களுக்கோ "நானே உன் தேவன்" என்பதே முதல் வார்த்தை.

இது சின்ன விஷயம் என்று சிரிக்காதே. 1844இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பள்ளிக்கூடத்தில் எந்த வேதாகமத்தை வாசிப்பது என்று கிளம்பிய சண்டை கலவரமாகி, கத்தோலிக்கக் கோவில்களைக் கொளுத்தினார்கள், ஆட்கள் செத்தார்கள். இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள்தான்.

உங்கள் சபை பாப்டிஸ்ட் சபை, அதுதான் எனக்கு ஆச்சரியம். அரசாங்கம் மதத்தில் கை வைக்கக் கூடாது என்று அந்த நாட்டில் முதலில் மன்றாடியவர்களில் அவர்கள் உண்டே. அங்கே கனெக்டிகட் மாநிலத்தில் வேறொரு சபை அரசாங்கச் சபையாக இருந்தது. அங்குள்ள டான்பரி ஊர் பாப்டிஸ்டுகள் ஜனாதிபதி ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதி முறையிட்டார்கள். 1802இல் அவர் எழுதிய பதிலில்தான் சபைக்கும் அரசுக்கும் நடுவே சுவர் என்ற பேச்சு வருகிறது. இப்போது டெக்சஸில் இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன, போதகர்களே இருக்கிறார்கள். சில பள்ளி மாவட்டங்கள் படத்தை மாட்ட நீதிபதி ஆகஸ்டில் தடை போட்டார். கென்டக்கியில் இதே மாதிரிச் சட்டத்தை 1980இலேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

"இது மதம் இல்லை ஆன்ட்டி, இந்த நாட்டின் பாரம்பரியம்" என்று உன் சிநேகிதி சொன்னாளே. அந்தப் பிள்ளை நல்ல மனதோடுதான் சொல்கிறது. ஆனால் நான் அதை முன்பே கேட்டிருக்கிறேன். நாம் மதுரையில் இருந்தபோது உனக்கு ஒன்பது வயது. பள்ளியில் சரஸ்வதி பூஜையன்று தட்டைத் தொட்டுக் கும்பிடச் சொன்னார்கள் என்று வந்து அழுதாய். அப்பா போய்க் கேட்டதற்குத் தலைமையாசிரியர், "இது மதம் இல்லை சார், நம்ம பண்பாடுதானே" என்றார். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. இதை அவருக்கு நேற்று நினைவுபடுத்தினேன். பதில் இல்லை, பேப்பரை விரித்துக்கொண்டார்.

சரி, நான் மட்டும் யோக்கியமா என்று கேட்பாய். மிஷன் பள்ளியில் 31 வருடம் தினமும் காலையில் கரும்பலகையில் வேத வசனம் எழுதியவள் நான். ஒரு முஸ்லிம் பிள்ளை அதை அழகாக நோட்டில் எழுதிக்கொள்ளும். அதன் அம்மா ஒருநாள் வந்து, "டீச்சர், இதையும் பரீட்சையில கேப்பீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லையம்மா என்றேன். அது மிஷன் பள்ளி, தெரிந்துதான் சேர்த்தார்கள், எழுதச் சொல்லி எந்த மந்திரியும் ஆணை போடவில்லை. இத்தனை சமாதானமும் என்னிடம் உண்டு. இருந்தாலும் அந்தக் கேள்வி உறுத்துகிறது. சின்னவனின் வகுப்பில் படேல் வீட்டுப் பையன் இருக்கிறான் என்றாயே, அவன் அம்மாவும் அதே கேள்வியைத்தான் கேட்பாள்.

வேதாகமத்தில் உபாகமம் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பார். இந்த வார்த்தைகளை உன் பிள்ளைகளுக்குப் போதி, உன் வீட்டு நிலைகளில் எழுது என்றுதான் இருக்கிறது. ஊரான் வீட்டு நிலையைச் சொல்லவில்லை. அதுவும் முதலில் உன் இருதயத்தில் இருக்க வேண்டுமாம், அப்புறம்தான் நிலை.

கொடுக்காதே என்று நான் கட்டளை போடவில்லை. இரண்டாம் வகுப்புப் பையன் விபசாரம் என்றால் என்ன என்று அந்த டீச்சரிடம் கேட்பானே, அதை மட்டும் நினைத்துக்கொள். பாவம் அவள்.

சின்னவனுக்குத் தினம் ஒன்றாக நீயே சொல்லிக் கொடு, தமிழில். வீடியோ காலில் நான் கேட்பேன். எண் மட்டும் சொல்லிக் கொடுக்காதே, அப்பாவுக்கும் எனக்கும் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

முறுக்கும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சலில் போட்டிருக்கிறேன்.

அம்மா