தளத்தை மூடிவிடாதே, மச்சான்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லாரும் நலம். அத்தையின் முட்டிவலி தேவலையா? ஆறு மாதமாக ஒரு வரி எழுதாதது தப்புதான். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்கு வரும்போது நேரில் திட்டித் தீர்த்துக்கொள். இப்போது விஷயம் அவசரம். நம் கதைகளெல்லாம் இருக்கும் மன்றத்தின் வலைத்தளத்தை மூடிவிட்டுச் செயலி மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறீர்களாம், தளத்தின் முகவரிப் பெயரான டொமைனைப் புதுப்பிக்கப் போவதில்லையாம். செயலாளர் சொன்னதிலிருந்து மனசு ஆறவில்லை.

"இந்தக் காலத்தில் யாரப்பா பிரவுசரைத் திறக்கிறார்கள்?" என்று கூட்டத்தில் கேட்டாயாமே! நீ குரலை உயர்த்தினால் எல்லாரும் தலையாட்டுவார்கள், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். நீ காட்டிய 2016 கணக்கையே எடுத்துக்கொள். அந்த அக்டோபரில் கைப்பேசியும் டேப்லட்டும் கணினியை முந்தின என்று, இணையப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் ஸ்டாட்கவுண்டர் நிறுவனம் சொன்னது உண்மை. ஆனால் அது வலைப்பக்கங்களைப் பார்த்த கணக்கு. கைக்கு மாறியது கருவிதான், வலை எங்கேயும் போகவில்லை.

ஃபேஸ்புக்கில் ஒரு இணைப்பைத் தட்டிப் பார். அதற்குள்ளேயே பக்கம் திறக்கும். படிப்பவர் செயலியில் இருப்பதாக நினைப்பார், படிப்பதோ வலைப்பக்கம். உறுப்பினர்கள் "கூகுள் கணக்கில் உள்ளே போக முடியவில்லை, 403 என்று வருகிறது" என்று உன்னிடம் புலம்புவதும் இதனால்தான். செயலிக்குள் பதிந்திருக்கும் பிரவுசரில் கூகுள் தன் உள்நுழைவை அனுமதிப்பதில்லை. மூலையிலுள்ள மூன்று புள்ளியைத் தட்டி, வெளி பிரவுசரில் திறக்கச் சொல், சரியாகிவிடும்.

செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வங்கிக்கு வேண்டும். எஸ்எம்எஸ் ஓடிபியைக் கைவிடும்படி 2022-இல் நம் மத்திய வங்கி பேங்க் நெகாரா சொன்ன பிறகு, கணினியில் பணம் அனுப்பினாலும் ஒப்புதல் கைப்பேசிச் செயலியில்தான். கிராப் வண்டிக்கும் வேண்டும், நாம் நிற்கும் இடம் அதற்குத் தெரிய வேண்டும். ஒரு சிறுகதை படிக்க எதற்கு, மச்சான்?

முகவரி போனால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? ஈப்போவில் ஒரு மாணவி பழைய கதையின் தலைப்பைக் கூகுளில் தட்டினால் இன்று நம் பக்கம் வருகிறது. செயலிக்குள் பூட்டிவிட்டால் தேடுபொறிக்கு அது கண்ணில் படாது. நம் மன்றம் ஒன்று இருப்பதே தெரியாதவள் எந்தச் செயலியைத் தேடி இறக்குவாள்? இருபது வருஷமாக மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் அத்தனையும் ஒரே நாளில் செத்துப்போகும். அதைவிட மோசம், காலாவதியான டொமைனை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்படி விட்டுப்போன பெயர்களைச் சூதாட்டத் தளங்கள் வளைத்துப் போடுவது வழக்கம். மன்றத்தின் பெயரைத் தட்டினால் பந்தயப் பக்கம் வந்து நிற்கும். வாத்தியார் ஐயா பார்த்துப் பார்த்துப் பிழைதிருத்திய பக்கங்கள் அவை.

செலவையும் கேள். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர், கட்டாத வருஷம் செயலியை அவர்கள் கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள். கூகுளுக்கு ஒரே தடவை 25 டாலர்தான். ஆனால் உங்களுக்குச் செயலி செய்யும் அந்தத் தம்பி தன் சொந்தப் பெயரில் புதுக் கணக்குத் திறந்தால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே வெளியிட விண்ணப்பிக்கலாம். அப்புறமும் ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்பத் திருத்த வேண்டும், விட்டுவிட்டால் புதுப் போன் வாங்கியவர்களுக்குக் கடையில் அது தென்படாது. தம்பி நாளைக்குச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் யார் செய்வது?

தளத்தையே செயலிபோல் ஆக்கலாம். பாதுகாப்பான இணைப்பு, அதாவது எச்டிடிபிஎஸ், ஏற்கெனவே இருக்கிறது. தளத்தின் பெயரையும் சின்னத்தையும் சொல்லும் ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பு, 192, 512 பிக்சலில் இரண்டு சின்னங்கள், பக்கங்களைச் சேமித்து வைத்து இணையம் இல்லாதபோதும் காட்டும் சர்வீஸ் ஒர்க்கர் என்ற சிறு நிரல், இவ்வளவுதான். கதைப் பக்கங்களை முதலில் இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், சேமித்த பிரதி இணையம் இல்லாதபோது மட்டும். எழுத்துருவும் படங்களும் நேர்மாறாக. இதை மாற்றி வைத்தால் பிழையைத் திருத்தின பிறகும் வாசகர் கண்ணில் பழைய பக்கமே நிற்கும். ஐபோன்காரர்கள் சஃபாரியில் பகிர் பொத்தானைத் தட்டி முகப்புத் திரையில் சேர்க்க வேண்டும். ஐஓஎஸ் 16.4 முதல், அப்படிச் சேர்த்தவர்களுக்கு அறிவிப்பும் அனுப்பலாம்.

பிளே ஸ்டோரில் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்றால் இதே தளத்தை ட்ரஸ்டட் வெப் ஆக்டிவிட்டியாக, அதாவது தளத்தையே முழுத்திரையில் காட்டும் செயலியாகக் கட்டி ஏற்றலாம். அதற்கு, தளமும் செயலியும் ஒருவருடையதே என்று காட்டும் அசெட்லிங்க்ஸ் கோப்பில், செயலிக்குக் கையொப்பமிடும் சாவியின் கைரேகை எண்ணைப் போட வேண்டும். பெரும்பாலும் தவறு இங்கேதான் நடக்கும். தம்பி கணினியிலுள்ள சாவியின் எண்ணைப் போட்டுவிடுவான். வேண்டியது, செயலியை ஏற்றும் கூகுளின் பிளே கன்சோல் பக்கத்தில் ஆப் சைனிங் பகுதியில் காட்டும் எண். தவறானதைப் போட்டால் திரையின் மேலே முகவரிப் பட்டை தலைகாட்டிக்கொண்டே இருக்கும்.

டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் கிடக்கும் பக்கங்களை நான் யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன், கோப்புகளை அனுப்பு. டொமைன் எந்தத் தேதியோடு முடிகிறது என்பதை மட்டும் இன்றைக்கே பார்த்து எனக்குச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்