நிழல் அளக்க ஒரு தடி போதும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 9 இல் படிக்கும் என் பேர்த்தி, கல்சியம் காபனேற்று அமிலத்துடன் தாக்கமுற்றால் எந்த வாயு வெளிவரும் என்பதை ஒரே மூச்சில் ஒப்புவிப்பாள். ஆனால் எங்கள் கிணற்றை ஆழப்படுத்தியபோது உடைத்தெடுத்த சுண்ணாம்புக் கற்கள் அந்தப் பொருளால் ஆனவையே என்பது கடந்த மாதம் வரை அவளுக்குத் தெரியாது. ஒரு கல்லை ஆணியால் சுரண்டி, அந்தத் தூளின் மீது அரைத் தேசிக்காயைப் பிழியச் சொன்னேன். சாறு நுரைத்தெழுந்தது. "அப்பப்பா, கல்லுப் பொங்குது!" என்றாள். அதன் பின்னர், பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த இக்கல்லை மழைநீர் காபனீரொட்சைட்டைச் சுமந்து வந்து சிறிது சிறிதாகக் கரைப்பதையும், யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு அவ்வாறே உருவானதையும், அப்படிக் கரைந்து அகன்ற வெடிப்புகள் வழியாகத்தான் தோட்டத்து உரமும் மலசலகூடக் கழிவும் கிணறுகளுக்குள் இறங்குகின்றன என்பதையும் விளக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

விண்வெளி பற்றிய பாடமும் இப்படித்தான். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏறத்தாழ ஏப்ரல் 15 இல், யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிலைக்குத்தாக நட்ட தடிக்கு அப்போது நிழல் இராது. நமது மணிக்கூடு கிழக்கு நெடுங்கோடு 82.5 பாகையைக் கொண்டு ஓடுவதால், 80 பாகையில் இருக்கும் நமக்கு அந்தக் கணம் 12.10 மணியளவில்தான் வாய்க்கும். அதே நாள் நண்பகலில் மாத்தறையில் ஒரு மீற்றர்த் தடிக்கு ஏறத்தாழ 6.5 சென்ரிமீற்றர் நிழல் விழும், அதாவது 3.7 பாகைக் கோணம். இரு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தூரம் சுமார் 410 கிலோமீற்றர் என்பதைக் கொண்டு, பண்டைய கிரேக்க அறிஞர் எரத்தோதெனிசு செய்த அதே கணக்கைச் செய்தால், அதாவது தூரத்தை 360 ஆல் பெருக்கிக் கோணத்தால் வகுத்தால், பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றரை நெருங்கி வரும். ஏப்ரலில் விடுமுறை என்பதால் வீட்டு முற்றத்திலேயே இதைச் செய்யலாம். தவறினால் ஓகஸ்ட் 28 அளவில் சூரியன் மீண்டும் உச்சிக்கு வருகிறது.

நான் படிப்பித்த பாடசாலையொன்றில், உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சத்தினால், தொலைநோக்கி ஒன்று பெட்டி பிரிக்கப்படாமலே பல வருடங்கள் அலுமாரியில் கிடந்தது. தடிக்கும் தேசிக்காய்க்கும் பதிவேடு வேண்டியதில்லை.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயமுண்டு. எனினும் தவணைக்கு இரண்டு பாடவேளைகளை இதற்கென ஒதுக்கவும், நிழல் அளவுகளைத் தொலைபேசியில் பரிமாறிக்கொள்ளத் தெற்கில் ஒரு பாடசாலையை இணைத்துத் தரவும் மாகாணக் கல்வி அதிகாரிகள் முன்வர வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கோப்பாய்.